பழைய படை விமானம் ஒன்றைச் சொந்தமாக்கிப் பறப்பதற்கு: யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவோருக்கான வழிகாட்டி

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றை ஓடவைக்கும் ஒருவரிடம், 1946ஆம் ஆண்டு மே 22ஆம் திகதி ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில் முதன்முதலாகப் பறந்த சிப்மங்க் என்னும் பயிற்சி விமானத்தின் எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினால், அவருக்கு அந்நியமாகத் தோன்றக்கூடியது அங்கே அதிகம் இராது. தலைகீழாகப் பொருத்தப்பட்ட நான்கு சிலிண்டர்கள், ஒரு காபரேற்றர், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு மக்னெற்றோக்கள், காற்றினாலேயே குளிரும் எஞ்சின்: அவ்வளவுதான். ஒஸ்ரினும் சிப்மங்கும் ஒரே காலத்தில் பிறந்தவை.

பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில், சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட ஊர் எங்களுடையது. கிடைக்காத உதிரிப்பாகத்தைப் பட்டறையில் கடைந்தெடுத்துப் பொருத்தியவர்கள் எங்கள் கராச்காரர்கள். அந்தக் கைத்திறன்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. பழைய விமானத்தைப் பராமரிப்பதற்கு வேண்டிய பொறுமையும் காதும் கையும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்றே நினைக்கிறேன். ஆயினும் அவர்கள் இந்தத் துறைக்கு வரும்போது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வரவேண்டும். ஒரு போல்ற் எந்த உலோகத்தில், எந்த வரைபடத்தின்படி, யாரால் செய்யப்பட்டது என்பதற்குத் தாள் இல்லையென்றால், அது எவ்வளவு நேர்த்தியாகக் கடையப்பட்டிருந்தாலும் விமானத்தில் அதற்கு இடமில்லை. இங்கிலாந்தில் வேலைபார்த்த காலத்தில் ஒரு சிப்மங்கில் ஆறிலொரு பங்கு வைத்திருந்தேன். ஊருக்குத் திரும்பிய பின்னர் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்குச் சொல்லிவரும் பதில்களையே இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

தொடங்கும் முன்னர் எங்கள் ஊருக்கு மட்டுமே உரிய ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். உலகின் பல நாடுகளில் ஆர்வலர்கள் விரும்பி வாங்கும் இத்தாலியப் பயிற்சி விமானமான சியாய் மார்செற்றி எஸ்.எஃப்.260, 1985இல் இலங்கை விமானப்படைக்கு வந்து, எங்கள் ஊர்களின்மேல் குண்டு போட்ட விமானம். 'பொம்மர் வருது' என்ற குரலைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறை இன்னும் இங்கே வாழ்கிறது. தாழப் பறக்கும் எஞ்சின் சத்தம் கேட்டால் என் அம்மா இன்றைக்கும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்க்கிறார். பயிற்சி விமானம் என்ற பெயர் எந்த விமானத்தையும் குற்றமற்றதாக்கிவிடாது. ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் எங்களவர் ஒருவர், தாம் விரும்பும் விமானம் எங்கே, யார்மீது பயன்படுத்தப்பட்டது என்பதைப் படித்தறிந்த பின்னரே அதை விரும்பவேண்டும். குடிமனைகளுக்கு மேலாகத் தாழப் பறப்பதில்லை என்பதைச் சட்டம் கேட்பதற்கு முன்னரே தம் சொந்த விதியாக வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

பார்ப்பதும் கூட்டிப் பெருக்குவதும்

முதற்படிக்குப் பணம் தேவையில்லை. புகையிரதமேறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கரையோரப் பாதையில் இரத்மலானைக்குச் செல்லுங்கள். அங்குள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில், 1951 மார்ச் 2ஆம் திகதி தொடங்கப்பட்ட அன்றைய றோயல் சிலோன் விமானப்படையின் முதல் விமான வகையான சிப்மங்கும், அதன்பின் வந்த போல்ற்றன் போல் பலியோல், ஜெற் புரொவோஸ்ற், 1971 கிளர்ச்சியையொட்டிச் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த மிக்-17 ஆகியனவும் நிற்கின்றன. படம் எடுப்பதோடு திரும்பிவிடாதீர்கள். குனிந்து சில்லுகள் எப்படிப் பிணைக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். இறக்கையில் எந்தப் பகுதி தகடு, எந்தப் பகுதி துணி என்று பிரித்தறியுங்கள். துரு எங்கே முதலில் பிடித்திருக்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிற்பாடு ஒரு விமானத்தை வாங்கப்போகும் நாளில் நீங்கள் செய்யவேண்டியதும் இதையேதான்.

பலாலிக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய வான்படை அமைத்த அந்த ஓடுபாதை, காங்கேசன்துறைத் தளம் என்ற பெயரில் இயங்கியது. 1945இல் நான்கு எஞ்சின்கள் கொண்ட லிபரேட்டர் விமானங்கள் அங்கிருந்து வங்கக் கடலுக்கு மேலாக நெடுந்தூரம் பறந்தன.

வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீடு எங்கள் ஊரில் அரிது என்பதால், அடுத்த படிக்கு ஒரு வசதி இருக்கிறது. ரொறன்ரோவுக்குப் போகிறவர்கள் ஹமில்ரனில் உள்ள கனேடியப் போர்விமான மரபு அருங்காட்சியகத்துக்கு ஒரு நாளை ஒதுக்கலாம். உலகில் இன்று பறக்கும் நிலையிலுள்ள இரண்டே இரண்டு லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. லண்டனில் தங்குபவர்களுக்கு டக்ஸ்ஃபோர்ட் விமான அருங்காட்சியகமும், பெட்போர்ட்ஷயரின் ஓல்ட் வோர்டனில் உள்ள ஷட்டில்வேர்த் சேகரிப்பும் எட்டும் தொலைவில் உள்ளன. அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் ரெமோராவில் உள்ள விமான அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நீண்டகாலம் அங்கே வசிப்பவராயின் ஒரு குழுவில் தொண்டராகச் சேருங்கள். நான் முதல் எட்டு மாதங்கள் எண்ணெய்த் தட்டுக் கழுவினேன், கொட்டகை கூட்டினேன், திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்தேன். அந்த எட்டு மாதங்களில் கற்றதை எந்தப் பயிற்சிப் பாடசாலையும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

உரிமமும் வால்சில்லும்

தனியார் விமானி உரிமத்துக்குப் பன்னாட்டு நியமத்தின்படி குறைந்தது 17 வயதும், 40 மணிநேரப் பறப்பும், இரண்டாம் தர மருத்துவச் சான்றும் வேண்டும். மருத்துவச் சோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். பார்வையிலோ இதயத்திலோ தடையிருந்தால் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னரே அதை அறிந்துகொள்வது நல்லது. இலங்கையில் இரத்மலானையே இப்பயிற்சியின் மையம். உரிமம் கிடைத்ததும் பழைய விமானத்தில் ஏறிவிடலாம் என்று எண்ணுவது பெருந்தவறு. ஏனெனில் இன்றைய பயிற்சி விமானங்களுக்கு மூக்கில் சில்லு. பழைய படைப் பயிற்சி விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு வாலில் சில்லு.

இந்த வேறுபாட்டை நன்றாக விளங்கிக்கொள்ளவேண்டும். வால்சில்லு விமானத்தில் எடையின் மையம் முன்சில்லுகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஓடுபாதையில் மூக்குச் சற்றே திரும்பினாலும் பின்னாலிருக்கும் எடை அந்தத் திருப்பத்தை மேலும் வளர்க்கும். பாரம் ஏற்றிய கைவண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு ஓடிப்பார்த்தவருக்கு இது தெரியும். காலால் உடனுக்குடன் திருத்தாவிட்டால் விமானம் தன்னைத்தானே சுற்றி, இறக்கை நுனி நிலத்தில் உரச, சில்லுக்கால் முறியும். இதனால் ஆள் சாவது அரிதாயினும் விமானத்தைத் திருத்த ஓராண்டு போகலாம். விமானத்தை நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வைக்கும்வரை பறப்பு முடியவில்லை என்று என் பயிற்றுநர் ஓயாமல் சொல்வார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சிப்மங்கிலும், அதற்கு முந்திய பயிற்சி விமானமான ரைகர் மொத்திலும் உள்ள ஜிப்சி மேஜர் எஞ்சினின் விசிறி, அமெரிக்கப் பயிற்சி விமானமான ஹார்வாட்டின் விசிறி சுழலும் திசைக்கு எதிராகச் சுழல்கிறது. ஆகவே வேகமெடுக்கும்போது சிப்மங்கின் மூக்கு வலப்பக்கம் இழுக்கும், ஹார்வாட்டின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். ஒன்றில் நூறு மணிநேரம் பழகிய கால், மற்றதில் முதல்நாள் தவறான பக்கத்தையே மிதிக்கும். ரஷ்யப் பயிற்சி விமானமான யாக்-52, சிப்மங்கைப் போல வலப்பக்கமே இழுக்கும். வகை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த வகையை நன்கறிந்த பயிற்றுநருடன் பறந்த பின்னரே தனியே பறக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

எந்த விமானம்?

புதியவருக்கு என் பரிந்துரை சிப்மங்க். 145 குதிரைவலுக் கொண்டது. மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 35 லீற்றர் எரிபொருள் குடிக்கும். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்டமையால் உதிரிப்பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. உடல் உலோகத்தாலானது, இறக்கையின் ஒரு பகுதிக்கும் இயக்கு பரப்புகளுக்கும் மட்டுமே துணி போர்த்தப்பட்டிருக்கும். அதன் வடிவமைப்புப் பொறுப்பை ஏற்று, தொழில்நுட்ப அறிவித்தல்களை வெளியிட்டுவரும் டி ஹவிலண்ட் சப்போர்ட் என்ற நிறுவனம் இங்கிலாந்தில் இயங்குகிறது. ஒரு பழைய விமானத்துக்கு இப்படியொரு 'பெற்றோர்' உயிரோடிருப்பது எவ்வளவு பெரிய பேறு என்பது, அப்பேறு இல்லாத விமானத்தை வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். சிப்மங்கிடமும் ஒரு குணக்கேடு உண்டு: அது சுழன்று விழத் தொடங்கினால், மீள்வதற்கு, விமானத்தை இயக்கும் கைப்பிடியை முழுவதுமாக முன்னே தள்ளி, மீளும்வரை அப்படியே வைத்திருக்கவேண்டும். அரைமனதோடு தள்ளியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

1931 அக்ரோபரில் முதன்முதலாகப் பறந்த ரைகர் மொத் மரமும் துணியுமாக ஆனது. அதன் மூல வடிவத்தில் சில்லுகளுக்குத் தடுப்பே கிடையாது. குளிர்நாட்டுக் கொட்டகையில் அது நல்ல விமானம். எங்கள் ஈரப்பதத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஹார்வாட் 600 குதிரைவலுக் கொண்டது. போர்க்கால விமானிகள் சண்டை விமானத்துக்கு மாறுமுன் பழகியது. மணிக்கு நூறு லீற்றருக்கு மேல் குடிப்பது. யாக்-52உம், இலங்கை விமானப்படையே பயிற்சிக்குப் பயன்படுத்திய சீனத்து நான்சாங் பி.ரி.-6உம் மூக்கில் சில்லுக் கொண்டவை, உறுதியானவை, அமுக்கிய காற்றால் எஞ்சினை இயக்குபவை. வால்சில்லுக்கு அஞ்சுபவர்களுக்கு அவை ஏற்றவை.

ஜெற் விமானங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எல்-39 போன்ற ஒரு ஜெற் மணிக்கு 500 லீற்றருக்கு மேல் எரிக்கும். ஆளை வெளியே வீசும் ஆசனத்தின் வெடிமருந்துக்குக் காலாவதித் திகதி உண்டு. அதை மாற்றும் செலவும் அனுமதியும் ஆண்டுக்காண்டு வந்துகொண்டேயிருக்கும். முதல் விமானமாக ஜெற் வாங்கவேண்டாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

விமானத்துக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். பயணிகள் விமானங்களுக்கு வழங்கப்படும் வான்தகுதிச் சான்றிதழை, 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின்படி பிற நாடுகளும் ஏற்றுக்கொள்கின்றன. படைக்காகவே வடிவமைக்கப்பட்ட விமானங்களில் பல, குடிசார் வகைச்சான்றை, அதாவது அந்த வடிவமைப்புக்கே வழங்கப்படும் ஒப்புதலை, ஒருபோதும் பெறாதவை. அவற்றுக்குப் பிரித்தானியா பறப்பு அனுமதி என்ற பெயரிலும், ஐக்கிய அமெரிக்கா பரிசோதனை வகையிலும், அவுஸ்திரேலியா வரையறுக்கப்பட்ட வகையிலும் இடம் கொடுக்கின்றன. இந்த அனுமதிகள் அவற்றை வழங்கிய நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகின்றன. எல்லையைக் கடக்கவேண்டுமாயின் ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனியே இசைவு பெறவேண்டும்.

ஆகவே யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு விமானம் வாங்க நினைப்பவர், முதலில் இலங்கைக் குடிசார் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்குக் கடிதம் எழுதவேண்டும். விமானத்தின் வகை, தயாரிப்பு இலக்கம், இப்போது அதனிடமுள்ள சான்றின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 4ஆர் என்ற இலங்கைப் பதிவின்கீழ் அதைப் பதியமுடியுமா, எந்த வகைச் சான்று வழங்கப்படும், யார் அதைப் பராமரித்துக் கையெழுத்திடலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேட்கவேண்டும். வாய்ப்பேச்சில் கிடைக்கும் நம்பிக்கையை வைத்துப் பணம் அனுப்பக்கூடாது. பலாலி விமானப்படைத் தளமும் பன்னாட்டு விமான நிலையமும் ஒன்றாக அமைந்த இடமாதலால், அங்கே விமானத்தை நிறுத்திவைக்க வேறு அனுமதிகளும் தேவைப்படும். விற்கும் நாட்டிலோ, ஆயுதம் அகற்றப்பட்டதாயினும் படை விமானம் கட்டுப்பாட்டுக்குரிய பொருளாகக் கருதப்பட்டு ஏற்றுமதி அனுமதி கேட்கப்படலாம்.

இவ்வளவையும் பார்த்தபின், பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: உரிமத்தை இரத்மலானையில் பெறுங்கள், விமானப் பங்கை, உறவினர் இருக்கும் நாடொன்றில், அது ஏற்கெனவே சட்டப்படி பறந்துகொண்டிருக்கும் இடத்தில் வாங்குங்கள், ஆண்டில் சில வாரங்கள் அங்கே போய்ப் பறவுங்கள். அந்த நாட்டின் உரிமத்துக்கு உங்கள் உரிமத்தை மாற்றவோ ஏற்பிக்கவோ வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாளையும் பாருங்கள், போல்ற்றையும் பாருங்கள்

உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று என மூன்று பதிவேடுகள் இருக்கவேண்டும். அவற்றை முதற்பக்கத்திலிருந்து வாசியுங்கள். ஆண்டுகள் இடைவெளி விழுந்திருந்தால் அந்த ஆண்டுகளில் விமானம் எங்கே நின்றது, கூரையின்கீழா வெளியிலா என்று கேளுங்கள். சிப்மங்கின் உடலுக்கு உலோகக் களைப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் உலோகம் வலுவிழப்பதை, கணக்கிடும் ஆயுள் எல்லை உண்டு. படையில் அது வானில் வளையமடித்தும் புரண்டும் பறக்கும் வித்தைப் பறப்புக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பொறுத்து அந்த ஆயுள் கரைந்திருக்கும். வெளியே புதுப் பூச்சுடன் மின்னும் விமானத்தைவிட, மங்கிய பூச்சும் முழுமையான பதிவேடும் கொண்ட விமானத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

தாள் மட்டும் போதாது என்பதை எங்கள் குழு பாடுபட்டுக் கற்றுக்கொண்டது. நாங்கள் வாங்கிய விமானத்தின் பதிவேட்டில், வால்பகுதியைப் பிணைக்கும் போல்ற்றுகள் அனைத்தும் புதிதாக மாற்றப்பட்டன என்று ஒரு பட்டறை கையெழுத்திட்டிருந்தது. முதலாவது ஆண்டுச் சோதனையில் எங்கள் பொறியியலாளர் அவற்றைக் கழற்றியபோது, இரண்டு போல்ற்றுகளின் தண்டில் பழந்துரு இருந்தது; மாற்றப்பட்டதாக எழுதப்பட்ட நாளுக்கு வெகுகாலம் முந்திய துரு. அன்று அந்த மேசையைச் சுற்றி நின்ற ஆறு பேரில் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை. ஆறு பேரும் அதுவரை அந்த விமானத்தில் பறந்தவர்கள். அதன்பின், விற்பவருக்குத் தொடர்பில்லாத, அந்த வகையை நன்கறிந்த பொறியியலாளர் ஒருவரைக் கூலிகொடுத்து அழைத்துச் சென்று, முக்கியமான போல்ற்றுகளைக் கழற்றிப் பார்க்காமல் எந்த விமானத்துக்கும் விலை பேசுவதில்லை என்று முடிவெடுத்தோம். கழற்ற அனுமதிக்க மறுப்பவரிடம் வாங்கவேண்டாம்.

பலர் சேர்ந்து ஒரு விமானத்தை வைத்திருக்கும் பங்குக்குழுவைச் சீட்டுப் பிடிப்பதைப் போலவே நடத்தலாம். கொட்டகை வாடகை, காப்புறுதி, ஆண்டுச் சோதனை ஆகியவற்றுக்கு மாதந்தோறும் சமமாகக் கட்டவேண்டும். எரிபொருளுக்கும் எண்ணெய்க்கும் பறந்த மணிக்கேற்பக் கட்டவேண்டும். இவற்றுக்கு மேலாக, ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகையை எஞ்சின் நிதிக்கென ஒதுக்குங்கள். எஞ்சின் முழுத்திருத்தத்துக்கு வரும் நாளில் அந்த நிதி இல்லாமல் போனால் குழுவே கலைந்துவிடும். விலக விரும்புபவரின் பங்கை யார், எப்படி வாங்குவது என்பதை நட்பாக இருக்கும் காலத்திலேயே எழுதி வையுங்கள்.

உப்புக்காற்று

எங்கள் குடாநாட்டில் எந்த இடமும் கடலிலிருந்து வெகுதொலைவில் இல்லை. கூரைத் தகரமும் யன்னல் கம்பியும் எவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்கின்றன என்பதை வீடு கட்டிய எல்லோரும் அறிவர். பழைய அலுமினியக் கலவைகளில் அரிப்பு மேற்பரப்பில் தெரியாமல் உள்ளே படலம் படலமாகப் பரவக்கூடியது. பூச்சு சற்றே உப்பியிருப்பதுதான் வெளியில் தெரியும் முதல் அடையாளம். விரலால் தடவிப் பாருங்கள். கடலோரமாகப் பறந்து வந்தால் நன்னீரால் கழுவி, வடிகால் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைமாதங்களில் மூடிய கொட்டகையிலும் காற்றோட்டம் வேண்டும். தார்ப்பாயால் இறுக மூடுவது ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும். போர்க்காலத்தில் மரத்தாலான மொஸ்கிற்றோ விமானங்கள் கீழைநாடுகளின் வெப்பத்திலும் ஈரத்திலும் பசைவிட்டுப் பிரிந்ததை எண்ணியே, ரைகர் மொத்தை இங்கு வேண்டாமென்றேன்.

பறக்கும் நாள்

விசிறியைத் தொடுவதற்கு முன்னர் மக்னெற்றோ ஆளிகள் அணைந்துள்ளனவா என்று நீங்களே பாருங்கள். பாதுகாப்பானது என்று பிறர் சொல்வதை ஏற்கவேண்டாம். வட்டமாக அடுக்கிய சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினாயின், நின்றிருந்த நேரத்தில் கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும். விசிறியைக் கையால் மெதுவாகப் பல சுற்றுகள் சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் பலங்கொண்டு தள்ளவோ பின்னோக்கிச் சுற்றவோ வேண்டாம். கீழ்ச் சிலிண்டரின் தீப்பொறிச் செருகியைக் கழற்றி எண்ணெயை வடியவிடுங்கள். தடுக்கும் எஞ்சினை அப்படியே இயக்கினால் உள்ளேயிருக்கும் இணைப்புத்தண்டு வளையும். அது அன்றைக்கு உடையாமல் பின்னொருநாள் ஆகாயத்தில் உடையும்.

வெப்பமான நாளில் காற்று அடர்த்தி குறைவதால் விமானம் மேலெழ நீண்ட ஓட்டம் வேண்டும். குளிர்நாட்டில் பழகியவர் இங்கே 33 பாகையில் புறப்படும்போது கைந்நூலின் அட்டவணையை மீண்டும் கணக்கிடவேண்டும். ஈரக்காற்றில் எஞ்சின் வலுவைக் குறைத்து இறங்கும்போது, 25 பாகை வெப்பத்திலும் காபரேற்றருக்குள் பனி உறையலாம் என்பது புதியவர்கள் நம்ப மறுக்கும் உண்மை; சூடாக்கும் பிடியை முன்கூட்டியே இழுங்கள்.

வித்தைப் பறப்பைத் தகுந்த பயிற்றுநரிடம், தகுந்த உயரத்தில் மட்டுமே கற்கவேண்டும். 2015 ஓகஸ்ட் 22ஆம் திகதி இங்கிலாந்தின் ஷோறமில், பழைய ஹோக்கர் ஹண்டர் ஜெற் ஒன்று வளையம் அடித்தபோது, உச்சியில் இருக்கவேண்டிய உயரத்தை எட்டாமலே இறங்கத் தொடங்கி நெடுஞ்சாலையில் விழுந்தது. பதினொரு பேர் இறந்தனர். அவர்கள் அந்த வீதியிலும் அதன் ஓரத்திலும் இருந்தவர்கள். உச்சியில் உயரமானியைப் பார்த்து, குறித்த அளவு இல்லையென்றால் வளையத்தை முடிக்காமல் விலகவேண்டும் என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதவர் வளையமே அடிக்கக்கூடாது. கீழே இருப்பவர்கள் இந்த ஆபத்துக்கு உடன்பட்டவர்கள் அல்லர்.

தரையிறங்கியதும் எஞ்சினைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு ஆறவிடுங்கள். ஆளிகளை அணைத்து, கட்டைகளை வைத்து, வயிற்றுப்பக்கம் வழிந்த எண்ணெயைத் துணியால் துடையுங்கள். வழமையைவிடக் கூடுதலாக வழிந்திருந்தால் எங்கிருந்து என்று தேடுங்கள். பறந்த நேரத்தையும், கண்ட குறையையும், அது எவ்வளவு சிறியதாயினும், கைகழுவுவதற்கு முன்னர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.